கீழே இறங்க ஒருவருக்குத்தான் இடம்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு வேர்க்கும். சமவெளியில் மட்டுமே வேலை பார்த்த ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மேகம் இறங்கும் மாதங்களில் அது கதவு வழியாக உள்ளே வந்து பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். பலகையில் நீர் கோத்து ஒழுகும். சாக்பீஸ் வழுக்கும், அழுத்தினால் மாவாகக் கரையும். வேட்டி நுனியால் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குவேன். வாக்கியம் முடிவதற்குள் முதல் எழுத்து போயிருக்கும். அந்தப் பலகையின் முன்னால் நின்றுகொண்டு, யாருக்காக இதைச் செய்கிறோம் என்று நான் நினைக்காத நாள் குறைவு.

வடகவுஞ்சிக்கு அப்பால் உருளைக்கிழங்கும் பூண்டும் பயிரிடும் ஒரு சிற்றூர். ஜில்லா போர்டு நடத்திய ஆரம்பப்பள்ளி. ஒரே நீளமான அறை, இரண்டு ஆசிரியர்கள். ஐம்பதுகளின் பின்பாதியில் அங்கே நான் தலைமையாசிரியராக இருந்தேன். உதவி ஆசிரியர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், பழனிக்காரர். அவருக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் ‘அவரை மலைக்குப் போட்டுட்டாங்க’ என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வீட்டில் சாவு விழுந்ததைச் சொல்வதுபோல இருக்கும். கீழே யாராவது மேலதிகாரியை எதிர்த்துப் பேசினால், பள்ளிக்கு ஒழுங்காக வராவிட்டால், குடித்தால், மலைக்கு மாற்றுவார்கள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. காலியிடம் இருந்தது, போட்டார்கள். ஒரு வருஷம் என்றார்கள். பிறகு வருஷங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக் கதவைத் திறக்கும்போது சாவி பூட்டில் நுழையாமல் கை நடுங்கும். குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோடையிலும் நடுங்கியது.

வகுப்பு நடத்துவதைவிடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரிய சோலி. வருகை குறைந்தால் இரண்டாவது ஆசிரியர் இடம் போய்விடும், விளக்கம் கேட்பார்கள். கிழங்கு தோண்டும் பருவத்தில் ஒரு பிள்ளையும் வராது. மணி அடிப்பதற்கு முன் நாங்கள் இருவரும் காடு காடாகப் போவோம். எங்களைத் தூரத்தில் கண்டதுமே பெண்கள் சத்தம் கொடுப்பார்கள்.

“ஏலே, புள்ளைபிடிக்கிறவுக ரெண்டு பேரும் வந்துட்டாக! வெரசா ஓடி ஒளிங்கலே!”

பிள்ளைகள் கிழங்குச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொள்ளும். பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அழுகை வரும்.

ஒரு நாள் ஒரு விவசாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். “ஏன் வாத்தியாரய்யா, பயல நீங்க கூட்டிட்டுப் போயிட்டா இந்த வரிசைய யாரு தோண்டுறது? நீங்க தோண்டிக் குடுக்கிறீகளா?”

நான் கோபமாகத் திரும்பி நடந்தேன். பின்னால் சத்தத்தையே காணோமே என்று பார்த்தால், இளையவர் வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியை வாங்கிவிட்டார். வரிசை முழுவதும் தோண்டிக் கொடுத்தார். விவசாயிக்கு வெட்கமாகிவிட்டது. “போதும் விடுங்க சாமி, ஊரு என்னயத் தூத்தும்” என்று சொல்லிப் பையனை அனுப்பினார். அந்தப் பையன் பிறகு ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் நிற்கவில்லை. நான் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளியில் எங்கள் இருவர் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. என் பிள்ளைகள் கிழக்கே பார்த்து உட்காரும், அவருடையவை மேற்கே பார்த்து. அவர் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினால் என் வகுப்புப் பிள்ளைகளின் கழுத்து மெல்லத் திரும்பும். பலகை வேர்க்கும் நாட்களில் அவர் பலகையை நம்பமாட்டார். பிள்ளைகளையே எண்களாக நிற்கவைத்து, கூட்டவும் கழிக்கவும் வகுக்கவும் செய்வார். மீதி நிற்கிற பிள்ளை ‘நான் மீதி சார், நான் மீதி’ என்று குதிக்கும். நான் பிரம்பால் மேஜையைத் தட்டி என் பிள்ளைகளைத் திருப்புவேன். சற்று நேரத்தில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் மலைக்கு வரும்போது மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிவந்தார். முதல் மழைக்காலத்திலேயே குழந்தைக்குச் சளி நெஞ்சில் கட்டியது. கம்பளியில் சுற்றிப் பெருமாள்மலை வரை தூக்கிக்கொண்டு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைக்கவில்லை. அந்தப் பெண் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த அப்பா வீட்டுக்குப் போனவள்தான், திரும்பி ஏறவில்லை. அவள் சொன்னதை அவரே ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

“‘நீங்க கீழ வந்தா நான் உங்க பொண்டாட்டி. மேல மட்டும் கூப்புடாதீக. அந்தக் குளிரு எம்புள்ளையத் தின்னுருச்சு’ங்கிறா சார். அவ சொல்றதுல என்ன தப்பு இருக்கு?”

அவளுடைய அப்பாவோ பொறுமை இழந்துகொண்டிருந்தார். மாற்றல் கிடைக்காத மருமகன் இருந்தும் இல்லாததுபோலத்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடமே சொல்லத் தொடங்கியிருந்தார். இளையவர் மாதம் ஒரு முறை ஒற்றையடிப் பாதையில் பழனிக்கு இறங்குவார். திங்கட்கிழமை வெள்ளனே ஏறிவந்துவிடுவார். வரும்போது முகம் கறுத்திருக்கும். ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகளை எண்களாக நிறுத்திவிடுவார். மாற்றல் கேட்டு என் மூலமாக விண்ணப்பித்திருந்தார். நானும் மாற்றல் கேட்டிருந்தேன். இருவருக்கும் அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருஷம் ஆண்டு ஆய்வுக்குப் பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர், டி.ஐ. என்போம், வந்தார். மனிதர் நல்லவர், மூச்சிரைப்புக்காரர். ஏறிவந்த களைப்பில் என் வகுப்பைச் சும்மா பார்த்துவிட்டு ஒரு பையனை எழுப்பினார்.

“திண்டுக்கல் எங்கே இருக்கு, சொல்லு பார்ப்போம்.”

“கீழ இருக்குங்க.”

“மதுரை?”

“அதுவும் கீழதானுங்க.”

“டெல்லி?”

பையன் யோசித்தான். “அது இன்னுங் கொஞ்சம் கீழ இருக்குங்க.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு வேர்த்தது. ஆனால் அந்தப் பக்கம் திரும்பி இளையவரின் பாடத்தைப் பார்க்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது மெச்சுவதுபோலத் தலையை ஆட்டினார்.

ஆய்வு முடிந்தால் தலைமையாசிரியர் இன்ஸ்பெக்டரைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். எழுதிவைத்த விதி எதுவும் இல்லை, வழக்கம். அவருடைய படுக்கைச் சுருளைக் கிழங்கு ஏற்றும் மட்டக்குதிரை சுமந்துபோயிற்று. நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். அறிக்கையில் எழுதாத விஷயங்களை இன்ஸ்பெக்டர்கள் கேட்பதும், தலைமையாசிரியர்கள் சொல்வதும் அந்த நடையில்தான். எத்தனையோ ஆசிரியர்களின் தலைவிதி அப்படி நடந்துபோகிற வழியில் முடிவாகியிருக்கிறது.

ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றவர் சொன்னார். “ஜூன்ல கீழே ஒரு இடம் காலியாகுது. பழனிக்குப் பக்கத்துலதான். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை இறக்கலாம். அந்தப் பையன் கதையக் கேள்விப்பட்டேன், பாவமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?”

‘அவரை இறக்குங்கள்’ என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. அந்தச் சாவி, அந்தப் பூட்டு, அந்தப் பலகை, இவற்றோடு இன்னொரு வருஷம் தனியாக என்று நினைத்தேன். அடுத்து வருகிறவன் எப்படிப்பட்டவனோ என்று நினைத்தேன். பிறகு சொன்னேன்.

“ஐயா, அவரு மாதிரி ஒரு வாத்தியார் இந்த மலையில இருந்ததில்லீங்க. ஊர்க்காரங்க அவரை விடமாட்டாங்க. அவரு போயிட்டா ஒரு மாசத்துல பள்ளிக்கூடத்தப் பூட்டிற வேண்டியதுதான். நான் போனா ஒண்ணும் ஆகாதுங்க. பொறுப்ப அவருகிட்டக் குடுத்தா என்னையவிட நல்லாவே நடத்துவாரு.”

“அவரு சம்சாரம் விஷயம்?”

“அதெல்லாம் நாளாவட்டத்துல சரியாப் போகுங்க. சின்ன வயசுதானே.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உதவி ஆசிரியரப் பத்தி இவ்வளவு மனசு விட்டுப் பேசுற தலைமையாசிரியர நான் பாத்ததில்ல” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் சொன்னதில் கடைசி வரி தவிர ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னைப் பிடித்து உலுக்குகிறது. பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது சாயம் வெளுத்திருக்கும். உண்மையைக் கொண்டே ஒருவனைக் கட்டிப்போட்டேன்.

உத்தரவு வந்தது. நான் கீழே, அவர் மலையில், பள்ளிப் பொறுப்போடு. ஊர்க்காரர்கள் மூட்டையாகக் கிழங்கைக் கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கினார்கள். “எங்க வாத்தியாரு எங்களுக்கே வந்துட்டாரு” என்று ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இளையவர் சிரித்த சிரிப்பை நான் பார்க்காமல் பெட்டியைக் கட்டினேன். வழியனுப்பப் பாதி தூரம் கூடவே வந்தார்.

“டி.ஐ.கிட்ட எனக்காகப் பேசிப் பாத்திருப்பீங்க. எனக்குத் தெரியும் சார்” என்றார்.

மழை வரும்போல் இருக்கிறது, திரும்பிப் போங்கள் என்றேன்.

கீழே வந்தபிறகு எனக்குத் தூக்கம் வந்தது. சாப்பாடு இறங்கியது. வெயிலில் காய்ந்த பலகையில் எழுத்து அப்படியே நின்றது. வேலை இனிக்கும் என்று நினைத்திருந்தேன், இனிக்கவில்லை. ஆனால் கை நடுங்கவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வருஷம் பங்குனி வெயிலில் அவர் என் பள்ளிக்கு வந்தார். இளைத்திருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“சார், மாத்தி மாத்திப் போட்டுக்கிறதுக்கு ரெண்டு பேரும் சம்மதிச்சாப் போதுமாம். ஒரே ஒரு வருஷம். நீங்க மேல வாங்க, நான் உங்க எடத்துக்கு வர்றேன். அவளக் கூட்டிட்டு வந்து ஒரு அடுப்பு வச்சுட்டேன்னா அப்புறம் மறுபடி நான் மேல போறேன். அதுக்கப்புறம் அவ விட்டுட்டுப் போகமாட்டா சார்.”

நான் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

“எனக்கு நெஞ்சு ஒத்துக்காது தம்பி” என்றேன். “டாக்டரு மலையே கூடாதுன்னுட்டாரு.” எந்த டாக்டரிடமும் நான் போகவில்லை.

அவர் ரோட்டைப் பார்த்துத் திடீரென்று சிரித்தார். “நல்லாச் சொல்லிக்குடுத்ததுதான் சார் நான் பண்ணுன தப்பு. ஆய்வுக்கு வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க, உம்ம விட முடியாதுய்யான்னு. இனிமே அந்தத் தப்பப் பண்ணப்போறதில்ல. ஒரு ஆய்வு கேவலமாப் போச்சுன்னா அவங்களே என்னய எறக்கிருவாங்க.”

அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். மலைக்கு அனுப்புவதே தண்டனையாக இருக்கும்போது, அங்கே இருக்கிற ஒருவன் மோசமாகிவிட்டால் அவனை ஏன் இறக்கப் போகிறார்கள்? கீழே எந்தத் தலைமையாசிரியர் அவனை ஏற்றுக்கொள்வார்? நல்லவனாக இருந்தால் விடமாட்டார்கள். கெட்டவனாக ஆனால் அதுதான் அவனுக்கு இடம். இதை அவருக்கு எடுத்துச் சொன்னால், ‘அப்படியென்றால் நீங்கள்தான் வர வேண்டும்’ என்று மறுபடி கேட்பார். “அவசரப்படாதீங்க தம்பி” என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அதற்கடுத்த ஆய்வைப் பற்றி மாதாந்திர ஆசிரியர் கூட்டத்தில் கேள்விப்பட்டேன். கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒருவர் அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னார்.

“மலையில ஒரு வாத்தியாருய்யா. டி.ஐ. முன்னாடி கணக்குப் போடுறான். எழுபத்தஞ்ச ஆறால வகுத்தா மீதி ஒண்ணும் இல்லங்கிறான்! ஒரு பொட்டப்புள்ள எந்திரிச்சு, ‘தப்பு சார், மூணு மீதி கெடக்கு, நீங்கதானே அன்னைக்கு என்னய மீதியா நிக்கவச்சீங்க’ங்குது. இவன் அதப் பாத்து ‘ஒக்காருடி, வாய மூடு’ன்னானாம். அந்தப் புள்ள அழுவுது, டி.ஐ. முழிக்கிறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். “அதுக்குத்தான் அவன மலையில போட்டிருக்கு” என்றார் இன்னொருவர். எனக்கும் சிரிப்பு வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். எழுந்து நின்று, ‘அவரை எனக்குத் தெரியும், அவர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஆள் நான் ஒருவன்தான் இருந்தேன்.

பொறுப்பைப் பிடுங்கி, வேறொரு தலைமையாசிரியரை அனுப்பினார்கள். இளையவரை அங்கேயே வைத்தார்கள். மனைவி திரும்ப வரவில்லை. அவளுடைய அப்பா கடையை விற்றுவிட்டு, மகளோடு மதுரைப் பக்கம் போய்விட்டதாக அடிவாரத்தில் சொன்னார்கள்.

அறுபதுகளின் நடுவில் செண்பகனூரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். ஞாயிறும் திங்களும் முகாமுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். நடக்க நடக்க, வேறு எங்காவது மாற்றலாகிப் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அவர் இருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளையும் நிமிரவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. புதிய தலைமையாசிரியர் காய்ச்சலில் வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

“வாங்க சார்” என்று எழுந்தார். என்னைப் பார்த்ததில் சந்தோஷம்தான். “வந்ததுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போங்க.”

“நீங்க சொல்லுங்க தம்பி. நான் கேக்கிறேன். முன்னமாதிரி.”

அவர் எழுந்து பிள்ளைகளுக்கு எதிரே போய் நின்றார். ஐந்தாறு பேரை எழுப்பினார். இரண்டு பேரை இடம் மாற்றி நிறுத்தினார். மறுபடி மாற்றினார். பிள்ளைகள் அடிக்குப் பயந்து தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றன. “போய் ஒக்காருங்க” என்றார்.

வெளியே வந்து சுவரோரம் நின்றோம்.

“மொதல்ல வேணும்னேதான் செஞ்சேன் சார்” என்றார். “கேவலமாச் சொல்லிக்குடுக்கிறதும் லேசு இல்ல, தெரியுமா? மூளையக் கட்டிப்போட்டு ஒக்காந்திருக்கணும். நாளாக நாளாக அது பழகிப்போச்சு. இப்ப வேணும்னு நெனச்சாலும் வரமாட்டேங்குது. இதுகளப் பாத்தா என்ன சொல்றதுன்னே தெரியல.”

அப்போதுதான் சொன்னேன். பெருமாள்மலைக்கு இன்ஸ்பெக்டரோடு நடந்ததை, ஜூனில் வந்த அந்த ஒரு இடத்தை, நான் பேசிய சொற்களை ஒவ்வொன்றாக. டாக்டர் கதையும் பொய் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் தன் மனைவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

“இந்த மலையில இப்படி ஒரு வாத்தியார் இருந்ததில்லன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“நெசமாவே அப்படி நெனச்சீங்களா, இல்ல, நீங்க தப்பிக்கிறதுக்குச் சொன்னீங்களா?”

“நெசமாத்தான் தம்பி. என் வகுப்ப விட்டுட்டு நானே உங்க பாடத்தக் கேட்டிருக்கேன்.”

அவர் கண் கலங்கியது. “என்கிட்ட ஒரு தடவகூடச் சொன்னதில்லையே சார்” என்றார். “ரெண்டு பேரும் ஒரே அறையில இத்தன வருஷம் இருந்தோம். நான் கத்துறது உங்களுக்கு எடைஞ்சலா இருக்கு, அதான் மேஜையத் தட்டுறீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

உள்ளே பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தன. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேகம் ஏறுகிறது, பெருமாள்மலை பஸ் போய்விடும், புறப்படுங்கள் என்றார். நான் புறப்பட்டேன். பாதி தூரம் வழியனுப்ப இந்த முறை அவர் வரவில்லை.